தேக்குக் கப்பலை வெப்பாலை மரத்துல கட்டுறது: ட்ரிங்கோமலி, 1:96 மாடல்

எச்எம்எஸ் ட்ரிங்கோமலிங்கற பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலை மாடலா பண்ணணும்னா மரம் வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு வருஷத்தைப் பிடிச்சுக்கணும். 1817 அக்டோபர் 12ஆம் தேதி பம்பாய்ல தண்ணியில இறங்கினப்போ இந்தக் கப்பலுக்கு ஒரு உருவம், 1847ல போர்ட்ஸ்மவுத்தை விட்டுக் கிளம்பினப்போ வேற உருவம், 1860க்கு மேல ரிசர்வ் படைக்கு டிரில் கப்பலா நின்னப்போ இன்னொண்ணு, 1897க்கு அப்புறம் பேரே மாறி ஃபூட்ராயன்ட்டுன்னு பசங்களுக்குப் பயிற்சிக் கப்பல், 1992ல திரும்பப் பழைய பேரு, இப்போ இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல் துறைமுகத்துல மியூசியமா மிதந்துகிட்டு இருக்கு. பின்பக்கம், பீரங்கி, நங்கூரம் கட்டுற விதம், பெயிண்ட் எல்லாம் காலத்தோட மாறியிருக்கு. வருஷத்தை முடிவு பண்ணாம ஆரம்பிச்சா பாதி கப்பல் ஒரு காலத்துலயும் மீதி வேற காலத்துலயும் நிக்கும், நெட்ல பாக்குற பல மாடல் அப்படித்தான் இருக்கு.

நான் எடுத்துக்கிட்டது 1847. ஏன்னு சொல்ல கொஞ்சம் பழைய கதை வேணும்.

1812ல பிரிட்டிஷ் அட்மிரால்ட்டி, அதாவது கடற்படைத் தலைமை, இந்தக் கப்பலுக்கு ஆர்டர் போட்டப்போ நெப்போலியன் சண்டை உச்சத்துல இருந்துச்சு, இங்கிலாந்துல ஓக் மரம் தட்டுப்பாடு, அதனால மலபார் தேக்கு கிடைக்கிற பம்பாய்ல கட்டச் சொல்லிட்டாங்க. அங்க வாடியா குடும்பம் கப்பல் கட்டிட்டு இருந்தாங்க, பார்சிங்க, லோஜி நுசர்வான்ஜி வாடியா 1736ல சூரத்துல இருந்து பம்பாய் வந்து ஆரம்பிச்ச வேலை. இந்தக் கப்பலைக் கட்டினது அந்தப் பரம்பரையில வந்த ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. கப்பலோட டிராயிங்கை எச்எம்எஸ் ஜாவாங்கற கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, அந்த ஜாவாவை 1812 டிசம்பர் 29 அன்னிக்கு பிரேசில் பக்கத்துல அமெரிக்காவோட கான்ஸ்டிடியூஷன்ங்கற போர்க்கப்பல் பிடிச்சு கொளுத்திடுச்சு, டிராயிங்கும் போச்சு. திரும்ப இன்னொரு செட் அனுப்பி, அது வந்து சேந்து, 1816ல ஏரா, அதாவது கப்பலோட அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற கட்டை, வெக்கிறதுக்குள்ள வாட்டர்லூ சண்டையே முடிஞ்சு போயிருந்துச்சு. எந்தச் சண்டைக்காக ஆர்டர் போட்டாங்களோ அந்தச் சண்டை இல்லாத உலகத்துலதான் இந்தக் கப்பல் பொறந்துச்சு.

செலவு சுமார் 23,000 பவுண்ட். இங்கிலாந்துக்கு ஓட்டிட்டுப் போற வழியில 1819 ஜனவரி 24 செயின்ட் ஹெலினா தீவுல நின்னு, ஆறு நாள் கழிச்சு, சிறையில இருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பாத்த ஜான் ஸ்டோக்கோங்கற கப்பல் டாக்டரையும் ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு. நெப்போலியனோட இந்தக் கப்பலுக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். ஏப்ரல் 30 போர்ட்ஸ்மவுத் போய்ச் சேந்ததும் பாய்மரத்தை எல்லாம் கழட்டி, மேல கூரை போட்டு, சும்மா நிறுத்தி வெச்சாங்க, 1845 வரைக்கும். இருபத்தாறு வருஷம். அப்புறம்தான் எடுத்து வேலை பாத்து, பீரங்கியைக் குறைச்சு, பின்பக்கத்தை மாத்திக் கட்டி, 1847ல கடலுக்கு அனுப்பினாங்க.

அதனால 1817 மாடல்னா கூரைக்கு அடியில தூங்கப் போற கப்பலைத்தான் செய்யணும். 1847ல இருந்து 1857 வரைக்கும் உள்ள பத்து வருஷம்தான் இது உண்மையா உழைச்ச காலம், அதைச் செய்வோம்னு தோணுச்சு. இன்னொரு காரணமும் உண்டு, 46 பீரங்கிக்குப் பதிலா 26 போதும். ஹார்ட்டில்பூல்ல இப்ப நிக்கிறதும் பெரும்பாலும் அந்தக் காலத்து உருவத்துலதான், போட்டோவுக்குப் பஞ்சம் இல்ல.

போட்டோ விஷயத்துல எனக்கு ஒரு வசதி, மச்சான் ஒருத்தன் நியூகாசில்ல வேலை பாக்குறான், அங்க இருந்து ஹார்ட்டில்பூல் பக்கம்தான். "மாப்ள, ஒரு ஸ்கேலை பக்கத்துல பிடிச்சு எடுடா"ன்னு சொல்லி அனுப்பினேன். அவன் ஒரு சனிக்கிழமை போய் எனக்காக கதவு கீல், கயிறு முடிச்சு, தரைப் பலகை இடுக்குன்னு எடுத்துட்டே இருந்திருக்கான், "மச்சான், அங்க இருக்கிற ஆளுங்க நான் என்ன திருட வந்திருக்கேன்னு பாக்குறாங்க"ன்னு போன். அந்தப் படங்கள் இல்லாம பின்பக்கத்தை நான் பண்ணியிருக்கவே முடியாது.

ஸ்கேல் 1:96. நிஜக் கப்பல்ல ஒரு அடி, மாடல்ல எட்டுல ஒரு இன்ச். பீரங்கித் தளத்தோட நீளம் 150 அடி 4½ இன்ச், அது 47.7 சென்டிமீட்டர் ஆகுது, அகலம் 39 அடி 11 இன்ச், அது 12.7 சென்டிமீட்டர் கிட்ட. முன்னாடி நீட்டிட்டு இருக்கிற பாய்மரத்தையும் சேத்தா இன்னும் நல்லா நீளும். 1:48ல பண்ணினா அழகா இருக்கும், ஆனா எங்க ஃபிளாட்ல கப்பல் ஹாலுக்குள்ளயும் நாங்க பால்கனியிலயும் இருக்கணும்.

டிராயிங் லீடா வகை ஃப்ரிகேட்டோடது, ஃப்ரிகேட்னா நடுத்தர அளவு, வேகமான போர்க்கப்பல். 1782ல பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து பிடிச்ச ஹேபேங்கற கப்பலை அளந்து, அதே உடல் வடிவத்துல பிரிட்டிஷ் நேவி வரிசையா கட்டித் தள்ளின வகை இது. 1813ல அமெரிக்க செசபீக்கைப் பிடிச்ச ஷானனும் இதே வகை. ஸ்காட்லாந்துல டண்டீயில இன்னிக்கும் மிதக்கிற யூனிகார்னும் இதே குடும்பம்தான், அதோட பின்பக்கம் மட்டும் வேற. கிரீன்விச் மியூசியத்துல அந்தக் காலத்து ஒரிஜினல் டிராயிங்குங்க இருக்கு. நெட்ல கிடைச்சதை வெச்சு கம்ப்யூட்டர்ல மேல வரைஞ்சு சுத்தம் பண்ணி, பிளான் பிரிண்ட் போடுற கடையில A0 ஷீட்ல எடுத்தேன். இங்க ஒரு சின்ன விஷயம், ஃபைல்லயே ஒரு ஓரத்துல நீளவாக்குல 20 செமீ கோடு ஒண்ணும் குறுக்குவாக்குல 20 செமீ கோடு ஒண்ணும் போட்டு வெச்சுடுங்க. பிரிண்ட் வந்ததும் ஸ்டீல் ஸ்கேல் வெச்சு ரெண்டையும் அளந்து பாருங்க. பெரிய பிரிண்டர்ல பேப்பர் ஓடுற பக்கம் கொஞ்சம் இழுத்துடும், ஒரு பர்சன்ட் இழுத்தாலே கப்பல் அரை சென்டிமீட்டர் நீண்டுடும், வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரி நிக்கிற சட்டம், எதுவும் ஏராவுல உக்காராது.

கட்டுற முறை பல்க்ஹெட் முறை. நிஜக் கப்பல் மாதிரி வங்கு வங்கா நெருக்கமா நிறுத்தாம, ஏராவோட உருவத்துல ஒரு பலகை வெட்டி அதுல குறுக்கா தடுப்புகளைச் சொருகி, மேல பலகை ஒட்டுறது. 4 மில்லி பிளைவுட், கப்பலுக்குன்னு யாரும் வெட்டித் தர மாட்டாங்க, ஆனா அக்ரிலிக் எழுத்து வெட்டி சைன்போர்டு போடுற கடையில லேசர் மெஷின் இருக்கும், ஃபைலைக் கொடுத்தா மதியத்துக்குள்ள கையில. லேசர் தின்னுற அளவையும் கணக்குல வெச்சுக்கணும், சொருகுற பள்ளத்தை பிளைவுட் தடிமனை விட ஒரு மயிரிழை கம்மியா வரைஞ்சா இறுக்கமா வரும். கருகின ஓரத்தைத் தேய்ச்சு எடுத்துட்டுதான் ஃபெவிகால் போடணும், கரி மேல பசை பிடிக்காது.

ஏராவுல ஒரு வேலை மட்டும் சென்டிமென்ட்டுக்காக. பார்சி வழக்கப்படி பம்பாய்ல ஏரா வெக்கிறப்போ வெள்ளி ஆணி ஒண்ணு அடிப்பாங்க, இந்தக் கப்பலுக்கும் அடிச்சாங்க. நகைப் பட்டறையில ஒரு துளி வெள்ளிக் கம்பி வாங்கி ஏராவுல ஓட்டை போட்டு இறக்கிட்டேன், மேல பலகை மூடிடுச்சு, யாருக்கும் தெரியாது.

இப்ப மரம். தேக்குக் கப்பலைத் தேக்குலயே செய்யலாம்னுதான் எல்லாருக்கும் தோணும், பழைய வீடு இடிக்கிற இடத்துல பர்மாத் தேக்குத் துண்டு கிடைக்கும், விலையும் கம்மி. சரிப்படாது. தேக்கோட துளையெல்லாம் கண்ணுக்கே தெரியும், 0.3 மில்லி துளையை 96 ஆல பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். அதாவது நிஜக் கப்பல்ல கட்டை விரல் போற ஓட்டை பலகை பூரா இருந்த மாதிரி தெரியும். போதாததுக்கு தேக்குல எண்ணெய் இருக்கு, தின்னர் போட்டுத் துடைக்காம ஒட்டினா கொஞ்ச நாள்ல விட்டுடும், அதோட தூள் மூக்குல போனா நாள் பூரா தும்மல்.

அந்த எண்ணெய்தான் நிஜக் கப்பலை இருநூறு வருஷம் காப்பாத்தினதும். ஓக் மரத்துல இருக்கிற அமிலம் இரும்பு ஆணியை அரிச்சுடும், ஆணி துரு பிடிச்சா சுத்தி இருக்கிற மரமும் போயிடும். தேக்கு இரும்பை ஒண்ணும் பண்ணாது, சுருங்காது, சீக்கிரம் உளுத்துப் போகாது. பம்பாய்க் கப்பலுங்களோட ஆயுளே தனி. 1813ல அங்க இறக்கின கார்ன்வாலிஸ்ங்கற பெரிய போர்க்கப்பல்லதான் 1842ல சீனாவோட பிரிட்டன் போட்ட நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அப்புறம் அது வருஷக்கணக்கா ஷீர்னஸ்ல படகுத்துறையா கிடந்து, 1957லதான் உடைச்சாங்க. நூத்தி நாப்பத்திநாலு வருஷம். ஆனா மாலுமிங்களுக்குத் தேக்கு பிடிக்காது, குண்டு பட்டு தேக்குச் சிராய் உடம்புல ஏறினா புண் ஆறாதுன்னு ஒரு பயம்.

மாடலுக்கு எனக்குக் கிடைச்ச நல்ல மரம் வெப்பாலை. சென்னபட்டணத்துல பொம்மை கடையுற அதே மரம், வெள்ளையா, இழை இருக்கிறதே தெரியாத மாதிரி வழவழன்னு இருக்கும், வளைஞ்சும் கொடுக்கும். கொஞ்சம் மஞ்சக் கடம்பும் வாங்கினேன், அது தரைப் பலகைக்கு. மரக்கடை ஆசாரி அண்ணன்கிட்ட 1 மில்லி தடிமன்ல பட்டை அறுத்துத் தரச் சொன்னப்போ "தம்பி, இது பலகையா பேப்பரா"ன்னு கேட்டுட்டு, மெஷினை நம்பாம தானே பக்கத்துல நின்னு அறுத்துக் கொடுத்தாரு. நிஜத்துல நாலு இன்ச் தடிமன், மாடல்ல 1.06 மில்லி, கணக்கு சரியா வந்துடுச்சு.

பலகை ஒட்டுறதுதான் இந்த வேலையோட உயிர். நடு வங்குல ஏராவுல இருந்து மேல் விளிம்பு வரைக்கும் பேப்பர் துண்டை வெச்சு அளந்தா 12 செமீ சொச்சம், அணியத்துல, அதாவது கப்பலோட முன்முனையில, அதே தூரம் 8 தான். நடுவுல 3 மில்லி அகலப் பலகை நாப்பது வருதுன்னா, அணியத்துலயும் அதே நாப்பது வரணும், அப்போ ஒவ்வொண்ணும் அங்க 2 மில்லியா ஒடுங்கணும். பலகையை நேராவே ஒட்டிட்டுப் போனா கொஞ்ச தூரத்துல அதுங்க மேல நோக்கி வளைய ஆரம்பிச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அமரத்துல, அதாவது பின்முனையில, இதுக்கு நேர் எதிர், சுக்கானுக்கு மேல தூரம் விரியும், அங்க நடுவுல ஆப்பு மாதிரி கூடுதல் பலகை செருகணும். நிஜக் கப்பல்லயும் இதேதான் பண்ணியிருப்பாங்க, கையில ஒரு உளி, ஒரு இழைப்புளி, அளவெல்லாம் கண்ணுல. எல்லா வங்குலயும் அகலத்தைப் பிரிச்சு பென்சில்ல குறிச்சுட்டு, மேல இருந்து ஒண்ணு, ஏரா பக்கம் இருந்து ஒண்ணு, இடது வலது மாத்தி மாத்தி ஒட்டிட்டு வந்தேன். ஒரே பக்கமா ஒட்டிட்டே போனா ஏரா முறுக்கிக்கும்.

வளைக்கிறதுக்கு வெந்நீர்ல ஊறப்போட்டு, 25 வாட் சால்டரிங் அயர்ன் முனையில ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை மாட்டி, அதுமேல பட்டையை வெச்சு மெதுவா அழுத்தினா ஆவி வந்து அப்படியே படியும். அணியத்துல முதல் ரெண்டு தடுப்புக்கு நடுவுல பால்சா மரத்தை நிரப்பித் தேய்ச்சு வெச்சா பலகைக்கு நல்ல பிடி. மர ஆணிக்கு ஊதுபத்திக் குச்சி. கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா மூங்கில்தான் இதுக்குத் தோதான பொருள், குச்சியைப் பிளந்து நகை ஆசாரிங்க கம்பி இழுக்கிற அச்சுல ஒவ்வொரு ஓட்டையா இழுத்துட்டே வந்தா அரை மில்லிக்கும் கீழ இறங்கும். தரைப் பலகைக்கு மட்டும் அது அடிச்சேன், வெளிப்பக்கம் எப்படியும் கருப்பு பெயிண்ட். தரைப் பலகை இடுக்குக்கு, நிஜத்துல நாரை அடிச்சு மேல கீல், அதாவது தார், ஊத்துவாங்க, கலப்பத்து வேலை, மாடல்ல ஒவ்வொரு பலகையோட ஒரு ஓரத்துல மட்டும் 4B பென்சில் தேய்ச்சா போதும். ரெண்டு ஓரமும் தேய்ச்சா கோடு தடிச்சுப் போகும்.

பின்பக்கத்துக்கு வருவோம், 1847 எடுத்ததுக்கு விலை கொடுத்தது இங்கதான். ஒரிஜினல் டிராயிங்ல இருக்கிறது பழைய சதுரப் பின்பக்கம். பாக்க அழகு, வரிசையா கண்ணாடி ஜன்னல், ஆனா சண்டைன்னு வந்தா கப்பலோட பலவீனமான இடம் அதுதான். எதிரி பின்னாடி குறுக்கா வந்து சுட்டா குண்டு ஜன்னலை உடைச்சுட்டு தளத்தோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும், தடுக்க ஒண்ணும் கிடையாது. அதனால 1800களோட முதல் பாதியில ராபர்ட் செப்பிங்ஸ் வட்டமா, வங்கை எல்லாம் மேல வரைக்கும் ஏத்தி பலமா கட்டுற முறையைக் கொண்டு வந்தாரு, டண்டீ யூனிகார்ன்ல அதைப் பாக்கலாம். அது பலமா இருந்தாலும் கேப்டன்களுக்கு அந்த மொட்டை உருவம் பிடிக்கல, அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல முட்டை வடிவம் ஒண்ணு வந்துச்சு. ட்ரிங்கோமலிக்கு 1845ல எடுத்து வேலை பாத்தப்போ போட்டது அந்த முட்டை வடிவம்.

அதுக்கு என்கிட்ட டிராயிங் கிடையாது. மச்சான் எடுத்த படங்கள்ல பக்கவாட்டுல, நேரா, மேல இருந்து எடுத்ததை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே ஸ்கேலுக்குக் கொண்டு வந்து, ஜன்னல் உயரத்தையும் சுக்கான் அகலத்தையும் வெச்சு வளைவை வரைஞ்சேன். கடைசி தடுப்புக்குப் பின்னாடி வெப்பாலைக் கட்டையை அடுக்கி ஒட்டி, அட்டையில வெட்டின டெம்ப்ளேட்டை வெச்சு வெச்சு ரம்பப்பொடியா தேய்ச்சு எடுத்தது. ஜன்னல் சட்டம் பூரா கால் மில்லி பித்தளைத் தகடு, நாடா நாடாவா வெட்டி சால்டர் பண்ணினது. கப்பல்ல என்னை அதிகம் திட்ட வெச்ச இடமும் இதுதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான்.

முகப்புல தலைப்பாகை கட்டின ஒரு ஆள் சிலை உண்டு. எம்-சீல்ல உருட்டி, கெட்டியாகுறதுக்கு முன்னாடி ஊசியால முகம் கீறி, காஞ்சதும் தேய்ச்சு பெயிண்ட். மரத்துல செதுக்கணும்னு சொல்றவங்க இருக்காங்க, இந்த அளவுல பெயிண்ட்டுக்கு அடியில யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தண்ணிக்குக் கீழ தாமிரத் தகடு. கடல்ல மரத்தைக் குடையுற புழுவும், பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைக்கிறதும் தடுக்க 1779ல இருந்து பிரிட்டிஷ் நேவி எல்லாக் கப்பலுக்கும் இதைப் போட ஆரம்பிச்சுது. கொஞ்ச வருஷத்துலயே புதுத் தலைவலி, தாமிரமும் இரும்பு போல்ட்டும் உப்புத்தண்ணியில பேட்டரி மாதிரி ஆகி இரும்பைத் தின்னுடுச்சு, அதனால தண்ணிக்குக் கீழ போல்ட்டையும் தாமிரக் கலவையில மாத்த வேண்டியதாச்சு. ஒரு தகடு 4 அடிக்கு 14 இன்ச், மாடல்ல 12.7க்கு 3.7 மில்லி. எலக்ட்ரானிக்ஸ் கடையில பசையோட தாமிர டேப் கிடைக்கும், 5 மில்லி அகலம், அதை 3.7க்கு கீறிக்கிட்டேன். ஏரா பக்கம் அமரத்துல ஆரம்பிச்சு முன்னாடி நோக்கி ஒட்டிட்டு வரணும், அப்பதான் முன் தகடு பின் தகடு மேல ஏறி உக்காரும், நிஜக் கப்பல்ல ஓடுற தண்ணி ஓரத்தைக் கிளப்பாம இருக்க அப்படித்தான் அடிச்சாங்க. ஆணித் தலையைக் காட்டணும்னு சில பேர் மொத்து மொத்தா புள்ளி வெப்பாங்க, அது அம்மை போட்ட மாதிரி இருக்கும். தையல் கடை டிரேசிங் வீலை லேசா ஒரு தடவை ஓட்டினதோட நிறுத்திட்டேன். பளபளப்பு போக உப்பு கலந்த வினிகர் துடைச்சு, பழுப்பானதும் கழுவி மேட் வார்னிஷ். பச்சை வர விட்டா கப்பல் கிடங்குல கிடந்த மாதிரி ஆயிடும், நமக்கு வேண்டியது ஓடிட்டு இருக்கிற கப்பல்.

எங்கெல்லாம் ஓடுச்சுன்னு கேட்டா, 1847ல கேப்டன் வாரன் தலைமையில வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுப் பக்கம் மூணு வருஷம், ஹைட்டியில கலவரம், அடிமை வியாபாரக் கப்பல்களைத் தேடி ரோந்து, 1849ல நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார். 1852ல கேப்டன் வாலஸ் ஹூஸ்டன் தலைமையில பசிபிக், அங்க இருக்கிறப்பதான் கிரைமியா யுத்தம். 1856ல வான்கூவர் தீவு கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸையும் படையையும் ஏத்திக்கிட்டு கவிச்சன் பழங்குடி மக்கள் ஊருக்குப் போச்சு, ஒரு வெள்ளைக்காரனைச் சுட்ட ஆளைப் பிடிச்சு அங்கேயே தூக்குல போட்டாங்க. வீரக் கதையா சொல்ல இதுல ஒண்ணும் இல்ல, போர்க்கப்பலோட தினசரி வேலை பாதி இப்படிப்பட்ட மிரட்டல்தான். அந்தக் கடல் பகுதியில தீவுகளுக்கு நடுவுல ஓடுற ஒரு நீர்வழிக்கு இன்னிக்கும் ட்ரிங்கோமலி சேனல்னு பேரு, பக்கத்துலயே ஹூஸ்டன் பாசேஜ். 1795ல டச்சுக்காரங்ககிட்ட இருந்து பிரிட்டிஷ்காரங்க எடுத்துக்கிட்ட திருகோணமலைத் துறைமுகத்தோட பேரு, பம்பாயில செஞ்ச கப்பல் வழியா, கனடா மேப்ல போய் உக்காந்திருக்கு.

பீரங்கிக்கு பித்தளை ராடு, லேத் பட்டறை. டிராயிங்கைப் பாத்துட்டு அந்த லேத்காரர் "என்ன சார் இது, துப்பாக்கி சமாச்சாரமா, நமக்கு வம்பு வேணாம்"னாரு. போன்ல கப்பல் போட்டோவைக் காட்டினதும் ஆர்வமாயிட்டாரு, சும்மா இல்லாம வாய்ப் பக்கத்து வளையத்தை எல்லாம் ஒரு ஃபார்ம் டூல் அரைச்சுப் பண்ணிக் கொடுத்தாரு. 32 பவுண்டர், அதாவது 32 பவுண்ட் எடைக் குண்டு சுடுற பீரங்கியோட வாய் 6.4 இன்ச், மாடல்ல 1.7 மில்லி டிரில். 1817ல இந்தக் கப்பலுக்குன்னு இருந்த கணக்கு பீரங்கித் தளத்துல 28 பதினெட்டு பவுண்டர், அதோட மேல் தளத்துல குட்டை பீரங்கி எல்லாம் சேத்து 46, அதெல்லாம் போய் 1847ல எண்ணிக்கை குறைவு, எடை அதிகம்னு ஆச்சு, வெடிகுண்டு சுடுற பீரங்கிங்க வந்துட்டு இருந்த காலம். மேல் தளம் பெரும்பாலும் மூடியிருக்கிறதால ஜன்னல் வழியா வாய் மட்டும்தான் தெரியும், வண்டியோட முழுசா பண்ண வேண்டியது கொஞ்சம்தான். பெயிண்ட் கருப்பு, பீரங்கி ஜன்னல் வரிசையில ஒரு வெள்ளைப் பட்டை, மூடி வெளிப்பக்கம் கருப்பு.

நங்கூரத்துக்கும் வருஷம் பாக்கணும். 1817னா தடிச்ச சணல் வடம், 1847க்குள்ள இரும்புச் சங்கிலி வந்துடுச்சு. கவரிங் நகைக் கடையில 2 மில்லி சொச்ச கண்ணி இருக்கிற சங்கிலி, கருப்பாக்கினா கனகச்சிதம். கடைக்காரம்மா எந்தக் குழந்தைக்குன்னு கேட்டாங்க.

கயிறு வேலை இன்னும் ஓடிட்டு இருக்கு. இதுல புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்க வேண்டியது, பழைய கப்பல் புத்தகங்கள்ல கயிறோட அளவு குறுக்களவு கிடையாது, சுத்தளவு. எட்டு இன்ச் கயிறுன்னா எட்டு இன்ச் தடிமன்னு நினைச்சுடாதீங்க, சுத்தளவு எட்டு, குறுக்களவு ரெண்டரை இன்ச் கிட்ட, 1:96ல 0.67 மில்லி. சுலபக் கணக்கு, சுத்தளவு ஒரு இன்ச்சுக்கு மாடல்ல 0.084 மில்லி. மூணு சின்ன கியர் மோட்டார், அந்தக் கோடியில சுழல்ற ஒரு கொக்கி, இதை வெச்சு மொட்டை மாடியில நூலை முறுக்கி கயிறு திரிச்சுக்கிட்டேன். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். சென்னைக் காத்துல ஈரம் ஏற இறங்க பருத்தியும் இழுக்கும் தளரும், ஐப்பசியில இறுக்கமா இருந்தது சித்திரையில தொங்கும், நிஜ மாலுமிங்களுக்கும் இதே பாடுதான், மழையில சணல் கயிறு இறுகி பாய்மரத்தையே இழுக்கும், தளர்த்தி விடணும். பாலியஸ்டர் நூல் எடுத்து தேன்மெழுகுல ஒரு இழு இழுத்தா பிசிறும் அடங்கிடும். பாய்மரத்தைத் தாங்குற நிலைக் கயிறெல்லாம் தார் பூசினது, அடர் பழுப்பு, பாயை இழுக்கிற கயிறு வெளிர் நிறம். ஜெட் பிளாக் கலர் நூல் போட்டா பொம்மைக் கடை மாதிரி ஆயிடும்.

மாலுமிங்க பாய்மரத்துல ஏறுற ஏணிக் கயிறுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு படிக்கும் இடையில 3.5ல இருந்து 4 மில்லி, ஒவ்வொரு நிலைக் கயிறுலயும் ஒரு முடிச்சு. பேப்பர்ல கோடு போட்டு பின்னாடி ஒட்டி வெச்சுக்கிட்டு, நடுக் கயிறுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போனா கயிறு உள்ள இழுத்து இடுப்பு சிறுத்த மாதிரி ஆகாது. முடிச்சுல ஃபெவிக்விக் வேண்டாம், வெள்ளையா பூக்கும், தண்ணி கலந்த ஃபெவிகால் ஒரு சொட்டு போதும். பாய் விரிக்கப் போறதில்ல, இந்த ஸ்கேல்ல எந்தத் துணியும் கோணிச்சாக்கு மாதிரிதான் தெரியும், பருமல், அதாவது பாய் தொங்குற குறுக்குக் கட்டை, எல்லாம் வெறுமையா, ஹார்ட்டில்பூல்ல நிக்கிற மாதிரியே.

ஹார்ட்டில்பூலுக்கு இது போய்ச் சேந்ததே தனிக் கதை. 1897 மே 19 அன்னிக்கு உடைக்கிறவங்களுக்கு வித்துட்டாங்க. அதே ஜூன்ல ஜார்ஜ் வீட்லி காப்ங்கற பணக்காரரோட கப்பல், ஒரு காலத்துல பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனோட கொடிக் கப்பலா இருந்த ஃபூட்ராயன்ட், பிளாக்பூல் கரையில புயல்ல அடிச்சு நொறுங்கிடுச்சு. அவரு மாத்துக்கு ட்ரிங்கோமலியை வாங்கி அந்தப் பேரை வெச்சாரு. அப்புறம் ஃபால்மவுத், போர்ட்ஸ்மவுத்துன்னு 1986 வரைக்கும் பசங்க தங்கிப் படகு கத்துக்கிற கப்பல். பக்கத்துலயே ஜோடியா நின்ன இம்ப்ளாகபிள், டிரஃபால்கர் சண்டையில பிரெஞ்சுப் பக்கம் இருந்த கப்பல், அதை 1949ல வெடி வெச்சு மூழ்கடிச்சாங்க, காப்பாத்தப் பணம் இல்லன்னு. ட்ரிங்கோமலியை 1987ல ஒரு பார்ஜ் மேல ஏத்தி ஹார்ட்டில்பூல் கொண்டு போய், பத்து வருஷத்துக்கு மேல வேலை, 1 கோடியே 5 லட்சம் பவுண்ட், 2001ல முடிச்சாங்க. விக்டரிங்கற போர்க்கப்பல் இதை விட மூத்தது, ஆனா அது 1922ல இருந்து உலர்துறையில நிக்குது. பிரிட்டன்ல மிதக்கிற போர்க்கப்பல்கள்ல மூத்தது இதுதான்.

பாக்கி இருக்கிறது பின்பாய்மரத்துக் கயிறும், தொங்குற படகுகளும், பெட்டியும். பெட்டிக்கு அக்ரிலிக் 4 மில்லி சொல்லி வெச்சிருக்கேன், கண்ணாடி எடை தாங்காது. அடிப்பலகைக்கு மட்டும் அந்த பர்மாத் தேக்கு. ரெடிமேடா விக்கிற ஈய நங்கூரம், ஈய பீரங்கி எதையும் உள்ள வெக்காதீங்க, மூடின பெட்டிக்குள்ள மரத்துல இருந்து வர்ற அமில ஆவி பட்டு ஈயம் சில வருஷத்துல வெள்ளைப் பொடியா உதிரும், பழைய மியூசியம் மாடலுங்களே இப்படிப் போயிருக்கு. பித்தளைக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. பெட்டிக்கு அடியிலயும் பின்பக்க மேல் மூலையிலயும் நாலு சின்ன ஓட்டை போட்டு மெல்லிசா வலை ஒட்டிட்டா காத்து ஓடும், தூசி வராது, எறும்பும் வராது.